இதயம் நின்ற வேளையில்: டாக்டர் பிரஃபுல்ல குமார் சென்

தாதருக்குத் தெற்கே, ஒரு காலத்தில் பஞ்சாலைகளின் புகைபோக்கிகள் வரிசையாக நின்ற பரேல் பகுதியில் கே.இ.எம். மருத்துவமனை இருக்கிறது. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அதன் வாசலை ஒருமுறையேனும் மிதியாத குடும்பம் அரிது. நோயாளிக்குத் துணையாகப் போயிருப்போம். சீட்டு வாங்க வரிசையில் நின்றிருப்போம். கூடத்தின் ஓரத்தில் துண்டை விரித்து இரவைக் கழித்திருப்போம். ஆனால், அந்த மருத்துவமனையில் 1968ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள், ஒரு மனிதரின் நெஞ்சிலிருந்து நோயுற்ற இதயத்தை எடுத்துவிட்டு, இறந்துபோன ஒரு பெண்ணின் இதயத்தை வைத்துத் தைத்தார்கள் என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? இந்திய மண்ணில் நடந்த முதல் இதய மாற்று அறுவை அதுதான். அதைச் செய்தவர் டாக்டர் பிரஃபுல்ல குமார் சென்.

இந்தப் பெயரை நான் தேடிச் சென்றதற்குக் காரணம் என் சித்தி. தாராவியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளிக் குடியிருக்கிறார். சிறு வயதில் வந்த காய்ச்சலால் அவருடைய இதய வால்வு ஒன்று சுருங்கிவிட்டது. நான் பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தபோது, இந்நகரின் மருத்துவமனை ஒன்றில் அதை அகற்றி உலோக வால்வு பொருத்தினார்கள். வீடு திரும்பிய சித்தி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்டார். இதயத்தை நிறுத்தி வைத்துத்தான் தைத்தார்களாம். அப்படியானால் அந்த இரண்டு மணி நேரமும் தனக்கு உயிர் எங்கே இருந்தது என்று கேட்டார். அறிவியல் படிக்கிற பிள்ளைக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பினார். எனக்குத் தெரியவில்லை. ஏதோ இயந்திரம் என்று சொல்லி மழுப்பினேன். அந்த மழுப்பலுக்குப் பரிகாரமாகவே இப்போது இதை எழுதுகிறேன் என்றும் கொள்ளலாம்.

சென் 1915ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். வங்காளி என்றாலும் வளர்ந்தது நாகபுரியில். மருத்துவம் படிக்க வந்த இடம் பம்பாய், சேத் கோர்தன்தாஸ் சுந்தர்தாஸ் மருத்துவக் கல்லூரி. பிழைப்புக்கும் படிப்புக்கும் வேற்றூரிலிருந்து இந்நகருக்கு வந்தவர்களில் அவரும் ஒருவர் என்பது நமக்கு ஒரு சிறு உறவு.

அக்கல்லூரியின் பிறப்பே ஒரு கதை. ஆங்கிலேயர் ஆட்சியில் மருத்துவக் கல்லூரிகளின் உயர்ந்த பதவிகள் இந்தியருக்கு எட்டாக் கனியாக இருந்தன. அந்நிலையில்தான் சேத் கோர்தன்தாஸ் குடும்பத்தின் அறக்கட்டளை, கல்லூரிக்குப் பணம் தரும்போதே ஒரு நிபந்தனையை விதித்தது: தகுதியுள்ள இந்தியர்களே அங்கே ஆசிரியர்களாக இருக்கவேண்டும். 1926இல் கல்லூரியும், அதை ஒட்டிய கே.இ.எம். மருத்துவமனையும் தொடங்கின. மருத்துவமனைக்கு ஓர் ஆங்கில அரசரின் பெயர். உள்ளே பாடம் சொன்னவர்களோ இந்தியர்கள்! அந்த இடத்தில் மாணவராக நுழைந்த சென், அங்கேயே அறுவை மருத்துவப் பேராசிரியராக உயர்ந்தார். வாழ்க்கையின் பெரும்பகுதியை அவர் அங்கேதான் கழித்தார்.

அங்கே அவர் முன் வந்து படுத்த நோயாளிகள் யார்? ஆலைத் தொழிலாளியும் அவன் மனைவி மக்களும். ஒரே அறையில் எட்டுப் பேர் பத்துப் பேர் முடங்கும் சால்களில், ஒரு பிள்ளைக்குத் தொண்டைப்புண் வந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். தொண்டையைத் தாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரை எதிர்க்க உடல் தயாரிக்கும் படையே, சில பிள்ளைகளில் வழி தவறி, மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கிவிடுகிறது. மூட்டுவலி சில வாரங்களில் போய்விடும். இதய வால்வில் விழுந்த வடு போகாது. ஆண்டுகள் செல்லச்செல்ல, இரண்டு இதழ்களாகத் திறந்து மூடவேண்டிய வால்வின் ஓரங்கள் ஒட்டிக்கொண்டு, பொத்தான் துளை அளவுக்குச் சுருங்கிவிடும். இருபது வயதுப் பெண் மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்குவாள். பேறுகாலத்தில் உயிருக்கே ஆபத்தாகும். இது செல்வர்களைக் காட்டிலும் ஏழைகளை மிகுதியாகத் தேடி வரும் நோய். என் சித்திக்கு வந்ததும் இதுவே.

1949இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவித்தொகை பெற்று, சென் அமெரிக்கா சென்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் ஃபிலடெல்ஃபியா. அந்த நாளில் இதய அறுவையில் ஈடுபட்டவருக்கு அதைவிட வாய்ப்பான ஊர் வேறு இருந்திருக்க முடியாது. முந்திய ஆண்டில்தான் அங்கே சார்லஸ் பெய்லி என்னும் மருத்துவர், துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின் இடது மேலறையில் சிறு வாயில் செய்து, கத்தி பொருத்திய தம் விரலை உள்ளே விட்டு, சுருங்கிய வால்வைத் திறந்து காட்டியிருந்தார். அதே ஊரில், ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில், ஜான் கிப்பன் என்பவர் இன்னொரு வேலையில் மூழ்கியிருந்தார். அவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். சித்தியின் கேள்விக்கு விடை அவரிடம் இருக்கிறது.

1930ஆம் ஆண்டு அக்டோபர். கிப்பன் அப்போது பாஸ்டன் நகரில் இருபத்தேழு வயது ஆராய்ச்சி மாணவர். பித்தப்பை அறுவை முடிந்து தேறிவந்த ஒரு பெண்மணியின் நுரையீரல் தமனியில் திடீரென இரத்தக்கட்டி வந்து அடைத்துக்கொண்டது. இரவு முழுதும் அருகிருந்து நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் குறித்துவருவது அவருக்கு இட்ட பணி. குறித்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மையாரின் சிரைகள் புடைத்தன, இரத்தம் கறுத்தது. காலையில் அழுத்தம் அடியோடு விழுந்தபோது, அவருடைய தலைவர் சர்ச்சில் ஏழு நிமிடத்துக்குள் நெஞ்சைத் திறந்து கட்டியை எடுத்தார். உயிர் மீளவில்லை. கறுத்த இரத்தத்தைச் சிரையிலிருந்து வெளியே எடுத்து, உயிர்க்காற்று ஊட்டிச் சிவக்கச் செய்து, தமனியில் திருப்பிச் செலுத்த ஒரு வழி இருந்திருந்தால், அந்த இரவை அவர் கடந்திருப்பாரே என்று கிப்பன் எண்ணினார். அந்த எண்ணம் அவரை இருபத்து மூன்று ஆண்டுகள் விடவில்லை.

மணந்துகொண்ட மேரி ஹாப்கின்சனும் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவரே. கணவனும் மனைவியுமாகப் பூனைகளை வைத்துச் சோதனை செய்தார்கள். தெருப்பூனைகளை மீன்துண்டு காட்டிப் பிடித்துவர, இரவில் கிப்பன் சாக்குப்பையோடு அலைந்ததாகச் சொல்வார்கள். போர் வந்து வேலை நின்றது. போருக்குப் பின் ஐ.பி.எம். நிறுவனம் தன் பொறியாளர்களைத் தந்து உதவியது. கடைசியில் 1953 மே 6ஆம் நாள், பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியின் இதய மேலறைச் சுவரிலிருந்த துளையை, அவளை 26 நிமிடம் முழுவதுமாக இயந்திரத்தின் பொறுப்பில் விட்டுத் தைத்து மூடினார். அவள் பிழைத்தாள். அதற்கு முன்பு செய்துபார்த்த குழந்தை இறந்திருந்தது. அதற்குப் பின் செய்த இரண்டு சிறுமியரும் இறந்தனர். கிப்பன் அதோடு கையை விலக்கிக்கொண்டார். மறுபடி அந்த அறுவையை அவர் செய்யவேயில்லை. 1973இல் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் காலமானார்.

இனி அந்த இயந்திரத்தோடு மனித உடலை எப்படி இணைக்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். பாடநூலில் படம் இருக்கிறது. ஆனால் படத்தில் இதன் அருமை தெரிவதில்லை.

மூளை இரத்தமின்றி நாலைந்து நிமிடங்களுக்கு மேல் தாங்காது. ஆகவே இதயத்தை நிறுத்துவதற்கு முன்பே மாற்று ஓட்டம் தொடங்கிவிட வேண்டும். முதல் தடை இரத்தத்தின் இயல்பு. கண்ணாடியையோ ரப்பரையோ பிளாஸ்டிக்கையோ தொட்டவுடன் இரத்தம் உறையத் தொடங்கும். 1916இல் ஜே மெக்லீன் என்னும் மாணவர் நாயின் ஈரலிலிருந்து எதிர்பாராமல் கண்ட பொருள் ஒன்றுதான் ஹெப்பாரின் ஆயிற்று. அதைச் செலுத்தினால் இரத்தம் உறையாது. வேலை முடிந்ததும் புரோட்டமின் என்னும் மருந்தைக் கொடுத்து அதன் வேலையை முறிக்கலாம். புரோட்டமின் சால்மன் மீனின் விந்திலிருந்து எடுத்தது. நாயின் ஈரலும் மீனின் விந்தும் சேர்ந்து மனிதனைக் காக்கும் விந்தையை எந்தப் புராணமும் கற்பனை செய்ததில்லை!

அடுத்தது குழாய்கள். உடலின் கறுத்த இரத்தம் முழுவதும் மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை என்ற இரண்டு வழியாக வலது மேலறைக்கு வந்து சேருகிறது. மேலறைச் சுவரில் துளையிட்டு, ஒவ்வொரு சிரைக்குள்ளும் ஒரு குழாயைச் செலுத்துவார்கள். இக்குழாயைக் கேனுலா என்பர். துடிக்கிற அறையில் துளையிட்டால் இரத்தம் பீறிடாதா? இங்கேதான் நம் பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பை வேலை செய்கிறது. துளையிடப்போகும் இடத்தைச் சுற்றி முதலில் வட்டமாக நூல் ஓட்டிக்கொள்வார்கள். நூலின் இரு முனைகளும் ஒரு சிறு ரப்பர்க் குழலுக்குள் நுழைந்து வெளியே வரும். வட்டத்தின் நடுவே கத்தியால் கீறி, கேனுலாவை நுழைத்து, சுருக்குப்பையின் வாயை இழுப்பதுபோல் நூலை இழுத்தால், சதை குழாயைக் கவ்விக்கொள்ளும். ஒரு சொட்டும் வெளியே வராது. வேலை முடிந்து குழாயை உருவியவுடன் அதே நூலை இறுக்கி முடிச்சிட்டால் துளை மூடிவிடும். ஆங்கிலத்திலும் இத்தையலுக்குப் பணப்பையின் பெயர்தான்.

சிரைகளிலிருந்து இரத்தத்தை உறிஞ்சி எடுப்பதில்லை. உறிஞ்சினால் மெல்லிய சிரைச்சுவர் குழாயின் வாயில் ஒட்டிக்கொள்ளும். நோயாளியின் படுக்கையை உயர்த்தி, இரத்தம் வந்து சேரும் கலத்தைத் தாழ்வாக வைப்பார்கள். மேட்டுக் குளத்திலிருந்து பள்ளத்து வயலுக்கு நீர் பாய்வதுபோல் தானே இறங்கிவரும். அங்கிருந்து உயிர்க்காற்று ஊட்டும் பகுதிக்குப் போகும். கிப்பன் இதற்கு மெல்லிய கம்பி வலைத் திரைகளில் இரத்தத்தைப் படலமாக வழியவிட்டார். 1955இல் மினியாபொலிஸ் நகரில் டீவாலும் லில்லெஹையும் இரத்தத்தினூடே குமிழிகளை ஏறச் செய்து, நுரையை மட்டும் சிலிக்கோன் பூச்சால் அழிக்கும் எளிய முறையைக் கண்டார்கள். குறைந்த செலவில் செய்யக்கூடிய கருவி அது. ஏழை நாடுகளுக்கு வழி திறந்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. இன்று நுண்ணிய துளைகள் கொண்ட இழைக்குழாய்கள் அந்த வேலையைச் செய்கின்றன.

சிவந்த இரத்தத்தைத் திருப்பி அனுப்புவதே மிகவும் அஞ்சவேண்டிய கட்டம். உருளைகள் குழாயை நசுக்கிக்கொண்டே சுழல, நிமிடத்துக்கு நாலைந்து லிட்டர் ஓடுகிறது. எந்தத் தமனியில் செலுத்துவது? கிப்பன் தோளுக்குப் போகும் கிளைத்தமனியைத் தேர்ந்தார். பின்னர் வந்தவர்கள் தொடைத் தமனியில் செலுத்தினார்கள். இப்போது பெரும்பாலும் பெருந்தமனியின் தொடக்கத்திலேயே சுருக்குப்பைத் தையல் போட்டு நுழைக்கிறார்கள். எந்த இடமானாலும் குழாயில் ஒரு காற்றுக்குமிழி தங்கிவிட்டால் அது நேரே மூளைக்குப் போகும். ஆகவே இரு குழாய்களையும் இணைக்கும்போது இருபுறமும் நீர்மம் நிரம்பி வழிய, வழிய, வாயோடு வாய் சேர்ப்பார்கள். பிறகு சிரைகளைச் சுற்றிய நாடாக்களை இறுக்குவார்கள். அப்போது இதயத்துக்கு ஒரு துளியும் வராது. பெருந்தமனியில் கவ்வியைப் போட்டு, பொட்டாசியம் கலந்த குளிர்ந்த நீர்மத்தைச் செலுத்தினால் இதயம் துடிப்பை விட்டு அடங்கிவிடும். சித்தி கேட்ட உயிர், அந்த வேளையில், படுக்கைக்குப் பக்கத்தில் சுழன்றுகொண்டிருந்த உருளைகளிலும், அதன் முன் கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்த ஓர் ஊழியரின் விரல்களிலும் இருந்தது. அவருடைய முகத்தைச் சித்தி பார்த்ததே இல்லை.

சென் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து திரும்பியபோது இந்த வசதி உலகில் எங்கும் இல்லை. 1950களில் பரேலில் அவர் செய்த இதய அறுவைகள் விரலை நம்பிச் செய்தவை. கண்ணால் காணாமல், விரல் நுனியால் வால்வைத் தடவி, ஒட்டிய ஓரங்களைப் பிரிப்பார்கள். ஆலைத் தொழிலாளரின் குடும்பங்களுக்கு அது பெரிய வரமாக இருந்தது. ஆனால் சுவரில் துளை இருந்தாலோ, வால்வே கெட்டுப்போயிருந்தாலோ விரல் என்ன செய்யும்? இதயத்தைத் திறந்து கண்ணால் பார்த்தாக வேண்டும். உடலைக் குளிரவைத்தால் மூளை சில நிமிடம் கூடுதலாகத் தாங்கும் என்று 1952இல் மினியாபொலிஸில் ஜான் லூயிஸ் காட்டியிருந்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தைக்கவேண்டிய முறை அது. எளிய துளையை மூடலாம். அதற்கு மேல் நேரமில்லை.

நம் நாட்டில் இயந்திரத்தின் துணையோடு இதயத்தைத் திறக்கும் அறுவை 1960களின் தொடக்கத்தில் வேரூன்றியது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ரீவ் பெட்ஸ் தொடங்கிய நெஞ்சக அறுவைத் துறையில், டாக்டர் கோபிநாத் அதைச் செய்தார். பம்பாயில் டாக்டர் கெர்சி தஸ்தூர் இந்நாட்டிலேயே இயந்திரத்தை உருவாக்கினார். கே.இ.எம்.இல் சென் ஒரு தனித் துறையையே வளர்த்தார். அவரோடு நின்றவர்களில் பருல்கர், சரத் பாண்டே போன்றோர் பின்னாளில் தாமே பெயர் பெற்றார்கள். அந்நாளில் இயந்திரத்தின் குழாய்களை முதலில் இரத்தத்தால் நிரப்பவேண்டும். ஒரு நோயாளிக்குப் பல பாட்டில் புதிய இரத்தம் தேவை. இரத்தம் கொடுத்தால் உடல் தளர்ந்துவிடும் என்று அஞ்சிய மக்கள் நடுவே அதைத் திரட்டுவது எத்தகைய பாடு என்பதை, இன்று நம் மன்றத்தின் இரத்ததான முகாமில் மேசை போட்டு உட்காருகிறவர்கள் ஓரளவு ஊகிக்கலாம்.

சென்னின் சிந்தனை எப்படி ஓடியது என்பதற்குப் பாம்பின் இதயம் ஒரு சான்று. நமது இதயத்தின் தசைக்குத் தனியே தமனிகள் உண்டு. அவை அடைபட்டால் மாரடைப்பு. பாம்பு முதலிய ஊர்வனவற்றில், கீழறைக்குள் இருக்கும் இரத்தமே சுவரின் இடுக்குகள் வழியாகத் தசைக்குள் ஊறிச் சென்று அதை ஊட்டுகிறது. அப்படியானால் தமனி அடைபட்ட மனித இதயத்தின் சுவரை ஊசியால் குத்தி நுண்வழிகள் செய்தால் என்ன என்று அவர் எண்ணினார். நாய்களில் செய்து பார்த்து, 1965இல் அமெரிக்க ஆராய்ச்சி இதழொன்றில் வெளியிட்டார். பிற்காலத்தில் வேறு நாட்டார் ஊசிக்குப் பதிலாக லேசர் ஒளியால் அதே வழிகளைத் துளைத்தார்கள். அவ்வழிகள் நாளடைவில் அடைபட்டுவிடுகின்றன என்றும் தெரியவந்தது. ஆகையால் கருத்து முழு வெற்றி பெற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பாம்பைக் கண்டால் கம்பைத் தேடும் நாட்டில், அதன் இதயத்தை எடுத்துவைத்துப் பாடம் கேட்ட மனிதரை எனக்குப் பிடித்திருக்கிறது.

இதய மாற்றுக்கும் அவர் நாய்களிலேயே பயிற்சி செய்தார். ஆண்டுக்கணக்கான உழைப்பு அது. 1960இல் லோவரும் ஷம்வேயும் வகுத்த முறைப்படி, பழைய இதயத்தின் மேலறைகளின் பின்சுவரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டி எடுக்கவேண்டும். புதிய இதயத்தின் மேலறைகளை அந்தப் பின்சுவரோடு தைத்து, பிறகு பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கவேண்டும். சாதாரண அறுவையில் கேனுலாவை மேலறையின் முன்பக்கம் வழியே நுழைப்பதில் குற்றமில்லை. இங்கே அந்த முன்பக்கமே வெட்டுப்படப் போகிறது. ஆகவே இரு குழாய்களையும் பின்னே தள்ளி, சிரைகளின் வாயருகே தனித்தனியாக வைக்கவேண்டும். இல்லையேல் தைக்க இடமிராது. இணைக்கும் இடத்தை ஒரு விரலகலம் தவறாகத் தேர்ந்தால் எல்லாம் கெடும். நாய்கள் அவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தன.

1967 டிசம்பர் 3ஆம் நாள் தென்னாப்பிரிக்காவில் கிறிஸ்டியன் பர்னார்டு முதல் மனித இதய மாற்றைச் செய்தார். மூன்று நாள் கழித்து நியூயார்க்கில் கான்ட்ரோவிட்ஸ், ஜனவரியில் கலிஃபோர்னியாவில் ஷம்வே. அடுத்து இந்த வேலையில் கைவைத்த மருத்துவர் சென்; உலகில் நான்காமவர். அவர் செய்தது ஆறாவது அறுவை. அமெரிக்கக் கண்டத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் வெளியே அதுதான் முதல்.

நோயாளி இருபத்தேழு வயது உழவர். இதயத் தசையே நைந்துபோன நிலை. மருந்து எதுவும் பயனில்லை. இதயம் கிடைத்தது, ஓடும் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஓர் இளம்பெண்ணிடமிருந்து. இந்நகரில் நாள்தோறும் கதவருகே தொற்றிக்கொண்டு வகுப்புக்கு வரும் நாம் இந்த வரியைச் சட்டென்று கடந்துபோக முடியாது. அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். அடுத்தடுத்த மேசைகளில் கிடந்தார்கள். உழவரை இயந்திரத்தில் இணைத்தார்கள். பழைய இதயத்தை எடுத்தார்கள். அவர் நெஞ்சுக்கூடு காலியாக இருந்த அந்த நேரம் முழுதும் உருளைகள் சுழன்றன. தைத்து முடித்துக் கவ்வியை விடுவித்தபோது புதிய இதயம் துடித்தது.

மூன்று மணி நேரம் துடித்தது. பிறகு நின்றுவிட்டது.

தையலில் பிழையில்லை. காரணம் நுரையீரலில் இருந்தது. நெடுநாள் நோயால் உழவருடைய நுரையீரல் இரத்தக்குழாய்கள் இறுகி, உள்ளே இரத்தம் நுழைவதற்குப் பெருந்தடை செய்தன. அவருடைய பழைய இதயத்தின் வலது கீழறை அந்தத் தடையோடு மெல்ல மெல்லப் பழகித் தடித்திருந்தது. ஆரோக்கியமான பெண்ணின் வலது கீழறையோ மெல்லிய சுவருடையது. ஒரு நாளும் அத்தகைய சுமையைத் தள்ளி அறியாதது. சமவெளியில் வண்டி இழுத்த இளங்காளையை மலையேற்றத்தில் பூட்டியதுபோல் ஆயிற்று. இன்று இதய மாற்றுக்கு ஒருவரைத் தேர்வதற்கு முன் நுரையீரல் குழாய்களின் தடையை அளந்து பார்ப்பது விதி. அளவு மீறியிருந்தால் அவருக்கு அறுவை இல்லை. அன்று அப்படி ஒரு விதி வகுக்கப்படவில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் சென் இரண்டாம் முறை முயன்றார். அந்த நோயாளி பதினான்கு மணி நேரம் வாழ்ந்தார். இங்கும் இறுகிய நுரையீரல் குழாய்களே பெரும்பாலும் காரணம் என்று கருதப்படுகிறது. அதன் பின் அவர் இதய மாற்றுச் செய்யவில்லை.

காசநோயும் பட்டினியும் வாட்டும் நாட்டில் இது வேண்டாத ஆடம்பரம் என்ற குரல் எழுவது இயல்பே. அந்தக் குரலை நான் எள்ளமாட்டேன். தாராவியில் வளர்ந்தவனுக்கு அது புரியும். ஆயினும் அந்தத் துறையில் அவர்கள் வளர்த்த கைத்திறம் முழுவதும் ஏழைகளின் வால்வு நோய்க்குத்தான் பயன்பட்டது என்பதையும் காண்கிறேன். எனக்குள்ள உறுத்தல் வேறு. முதல் அறுவையை, சாவின் விளிம்பில் இருந்தவருக்குச் செய்த கடைசி முயற்சி என்று ஏற்கலாம். ஏழு மாதத்தில் இரண்டாவதைச் செய்தபோது, முதல் சாவு கற்பித்த பாடத்தை முழுதும் உணர்ந்திருந்தார்களா? வெளியிலிருந்து பார்க்கும் எனக்கு இது எளிய கேள்வி. அறுவைக் கூடத்தில் நின்றவர்களுக்கு எளிதாக இருந்திராது. 1968ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ நூறு இதயங்கள் மாற்றப்பட்டன. நோயாளிகளில் பெரும்பாலோர் சில நாள்களிலோ வாரங்களிலோ இறந்தார்கள். பல நாடுகளில் மருத்துவர்கள் தாமே நிறுத்திவிட்டார்கள். இரண்டோடு நிறுத்தியவர்களில் சென் இருந்தது அவருக்குப் பெருமையே என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் நினைக்கவேண்டும். மூளை செயலற்றுப் போவதையே மரணமாகக் கொள்ளலாம் என்று ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு அறிவித்தது 1968 ஆகஸ்டில்தான். சென்னின் முதல் அறுவைக்கு ஆறு மாதம் கழித்து. இந்தியாவில் அதைச் சட்டம் ஏற்றுக்கொள்ள இன்னும் இருபத்தாறு ஆண்டுகள் ஆயின. புதிய உறுப்பை உடல் தள்ளிவிடாமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து பரவலாகக் கைக்கு வந்தது 1980களில். சட்டமும் இல்லை, மருந்தும் இல்லை, நுரையீரல் தடையை அளக்கும் விதியும் இல்லை. கையும் ஊசியும் இயந்திரமும் மட்டும் ஆயத்தமாக இருந்தன.

1969இல் அரசு அவருக்குப் பத்ம பூஷண் விருது அளித்தது. பெருந்தமனி வீங்கிச் சுருங்கும் நோயைப் பற்றி, நோய்க்குறியியல் அறிஞர் கினாரே முதலியோரோடு அவர் செய்த ஆராய்ச்சியை அத்துறையினர் இன்றும் குறிப்பிடுகிறார்கள். ஓவியத்திலும் அவருக்கு ஈடுபாடு மிகுதி. தாமே வண்ணம் தீட்டுவார். பகலெல்லாம் குருதியின் நடுவே நின்றவர் மாலையில் தூரிகையை எடுக்கும்போது எந்த வண்ணத்தை முதலில் தொட்டிருப்பார் என்று நான் சில வேளை எண்ணுவதுண்டு. 1982ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் காலமானார்.

1994இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் டில்லியில் டாக்டர் வேணுகோபால் செய்த இதய மாற்று வெற்றி பெற்றது. மும்பையில் மறுபடி ஓர் இதயம் மாற்றப்பட்டு நோயாளி பிழைத்து வீடு திரும்ப 2015 ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பூனாவிலிருந்து வந்த இதயம் அது. சாலைகளை ஒழித்து வழிவிட்டு முலுண்டுக்குக் கொண்டுசேர்த்தார்கள். சென்னின் அறுவை நடந்து அப்போது நாற்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இவ்வளவையும் போன ஞாயிற்றுக்கிழமை சித்தியிடம் சொன்னேன். சுருக்குப்பைத் தையலைக் கேட்டுச் சிரித்தார். தம் பாட்டியின் பையில் வெற்றிலையும் காலணாவும் இருந்ததை நினைவுகூர்ந்தார். அந்த உழவரின் ஊர் எது, பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். உலோக வால்வு வைத்தவர்கள் இரத்தம் உறையாதிருக்க நாள்தோறும் மாத்திரை விழுங்கவேண்டும்; அதற்காக அவர் மாதம் ஒருமுறை இரத்தப் பரிசோதனைக்குப் போகிறார். அடுத்த முறை போகும்போது பரேல் வழியாகப் பேருந்தில் போவோம், அந்தக் கட்டடத்தைக் காட்டு என்று சொல்லியிருக்கிறார்.